வெறுங்காலுக்கு நின்ற வண்டி

முப்பது வருஷம் காரைக்குடி வட்டாரத்தில் நான் பிரேக் பார்த்த வண்டி எதுவும் போய் எதிலும் முட்டியதில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கு என்றால் இன்னும் நிறையச் சொல்லலாம். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். தச்சாசாரி வீட்டுப் பிள்ளை. உளியை வைத்துவிட்டு ஸ்பானரைப் பிடித்தபோது என் அப்பா ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. சிங்கம்புணரி லாரி ஷெட்டில் ஏழு வருஷம் வண்டிக்கடியில் மல்லாக்கப் படுத்துக் கிடந்து தொழிலைப் பிடித்தேன். இன்றைக்கு என் பேரில் மூன்று பட்டறை. இன்ஜினியர் படித்தவர்கள் வந்து என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சந்தேகம் கேட்கிறார்கள்.

அப்படிப்பட்ட என்னை, ஒரே வேலைக்கு நாலு தடவை "சரியில்லை" என்று திருப்பியனுப்பிய ஆள் ஒருவர் உண்டு. கண்டனூர் ஆச்சி. பேரை எழுத மாட்டேன். அவர் இருந்தபோதே பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை; இப்போது நான் மட்டும் எதற்குச் சொல்ல வேண்டும்?

ஆச்சிக்கு எல்லாம் கால்தான். மற்றவர்கள் கண்ணால் பார்ப்பதை அவர் உள்ளங்காலால் பார்ப்பார். அவர் வீட்டு இரண்டாம் கட்டில் ஆத்தங்குடிக் கல் புதிதாகப் பதித்து முடித்த அன்று நான் அங்கே இருந்தேன். கொத்தனார் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். ஆச்சி ஒரு நடை போய், ஒரு நடை வந்தார். மூன்றாவது நடையில் நின்று, பெருவிரலால் ஒரு கல்லைத் தட்டினார்.

"கொத்தனாரே, இது அரை நூல் ஒசந்திருக்கு."

நூல் என்பது எங்கள் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அதில் அரை! கொத்தனார் மட்டப்பலகையை வைத்துப் பார்த்து, "ஒண்ணும் தெரியலையே ஆச்சி" என்றார். ஆச்சி உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். தண்ணீர் நாலு பக்கமும் ஓடியது. அந்த ஒரு கல்லைச் சுற்றி மட்டும் வளையம் கட்டி நின்றது. கொத்தனார் உட்கார்ந்து கல்லைப் பெயர்த்தார்.

இந்தக் காலோடுதான் ஆச்சி கார் ஓட்டினார். கல்யாணமான புதிதில் செட்டியாரோடு மலாயாவில் இருந்தபோது பழகியது. பிள்ளைகள் படிப்புக்காக ஊருக்குத் திரும்பினார். செட்டியார் அங்கேயே தங்கி, இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வந்து போவார். வர முடியாத ஒரு வருஷம், தனக்குப் பதிலாக வண்டியைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டார். இரண்டே சீட்டு, மேலே கூரை இல்லாத சீமைக் கார். கரும்பச்சை நிறம். தரையோடு படுத்த மாதிரி ஓடும். கண்டாங்கிச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு ஆச்சி ஏறுவார்.

"செருப்புப் போட்டு மிதிக்கலாமே ஆச்சி" என்று ஒரு தடவை கேட்டேன்.

"நீ கையில துணியச் சுத்திக்கிட்டா மாவு பெசைவே?" என்றார்.

அறுபத்தெட்டில் ஆயுத பூசை கழிந்து ஒரு வாரம் இருக்கும். ஆச்சி சந்தைக்குப் போய்த் திரும்பிய வழியில், திருப்பத்தில் பிரேக்கை மிதித்தால் மிதி கட்டையாக நின்றுவிட்டது. அடுத்த மிதிக்கு ஒன்றுமே இல்லாமல் உள்ளே போனது. ஆச்சி பதறவில்லை. வண்டியை வளைத்து, சாலையோரம் இருந்த வைக்கோல் படப்புக்குள் கொண்டு போய்ச் செருகிவிட்டார். ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் கண்டனூர் ஆச்சி காரோடு படப்பில் புகுந்த கதை அன்று பொழுது சாய்வதற்குள் ஊரெல்லாம் போய்விட்டது.

பட்டறைக்காரர்கள் இரண்டு பேர் வந்து பார்த்து, கையை விரித்துவிட்டுப் போனார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். பிரேக் எண்ணெய் டப்பாவுக்குள் விரலை விட்டு மோந்து பார்த்தேன்.

"ஆச்சி, இது பிரேக் எண்ணெய் இல்ல. தோசைக்கு ஊத்துற நல்லெண்ணெய்."

வீட்டுக் காவல்காரர் பெரியவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவர், மெல்ல முன்னால் வந்தார். "பூசை அன்னைக்கு டப்பா கொறஞ்சு கெடந்துச்சு. நல்ல நாளும் அதுவுமா வெறுஞ்சட்டியா இருக்கக் கூடாதேன்னு நாந்தான் எண்ணெய்க் காப்புச் சாத்துனேன். செக்குல ஆட்டுன எண்ணெய்தான். கலப்படம் இல்ல."

சாமிக்கு ஆகும் எண்ணெய் ரப்பருக்கு ஆகாது. உள்ளே இருந்த ரப்பர் எல்லாம் ஊறிய உளுந்து மாதிரி உப்பிக் கிடந்தது. ஆச்சி பெரியவரைத் திட்டவில்லை. "அடுத்த பூசைக்குச் சந்தனத்தோட நிறுத்திக்கிருங்க" என்றார், அவ்வளவுதான்.

திட்டுவதற்கு வேறு ஆள் இருந்தார். செட்டியாரின் தம்பி. வீட்டு நிர்வாகம் அவர் கையில். அண்ணன் மனைவியைச் செட்டியார் வீடுகளில் அண்ணமிண்டி என்பார்கள்.

"அண்ணமிண்டி, மெட்ராசுல ஒரு ஆளு கேட்டுக்கிட்டிருக்காரு. வண்டியக் குடுத்துருவோம். பொம்பளையாளு படப்புல போயி விழுந்தாகன்னு ஊரே சிரிக்குது."

"படப்புல விழுகல. படப்புல நிறுத்துனேன்" என்றார் ஆச்சி. "தை மாசம் எங்கண்ணன் மகன் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலம் இந்த வண்டியிலதான். நாந்தான் ஓட்டுவேன்."

கொழுந்தனார் சிரித்தார். அதில் விஷயம் இருந்தது. இரண்டு சீட்டு வண்டியில் மாப்பிள்ளையை எங்கே உட்கார வைப்பது? பின்னால், சீட்டுக்கு மேலே உள்ள தகட்டில் விரிப்புப் போட்டு, காலைச் சீட்டில் வைத்துத்தான் உட்கார்த்த வேண்டும். பிடிக்க ஒன்றும் கிடையாது. பிரேக் கொஞ்சம் வெடுக்கென்று பிடித்தால் மாப்பிள்ளை முன்கண்ணாடியைத் தாண்டித் தெருவில் கிடப்பான். பிடிக்காவிட்டாலோ முன்னால் போகும் மேளக்காரர்கள் கதி அவ்வளவுதான்.

"சரி" என்றார் கொழுந்தனார். "மாப்பிள்ளை தலைப்பாகை குலையாம பொண்ணு வீட்டு வாசல்ல கொண்டாந்து எறக்குங்க, வண்டி ஒங்க வண்டி. குலைஞ்சுச்சுன்னா அங்கனயே சாவிய என்கிட்டக் குடுத்துரணும். அப்பறம் ஓட்டுறேன்ற பேச்சே வரக் கூடாது."

"சரி" என்று ஆச்சியும் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

எனக்கு அப்போது பட்டறை வைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வண்டி மெட்ராஸ் போனால் என் பேரும் அதன் டிக்கியில் ஏறிப் போய்விடும் என்று தெரியும். பயப்பட்டேனா என்று கேட்டால், இல்லை. என் சுபாவம் அப்படி.

ரப்பர் முழுவதையும் மாற்றினேன். குழாயெல்லாம் கழுவி, மதுரையிலிருந்து சரியான எண்ணெய் வாங்கி ஊற்றினேன். ஓட்டிப் பார்த்தேன், நின்றது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கண்டனூருக்குக் கொண்டு போனேன். ஆச்சி ஏறி உட்கார்ந்தார். இன்ஜினைக்கூட ஓட விடவில்லை. சும்மா மிதியை அமுக்கினார், விட்டார், அமுக்கினார்.

"ஆசாரி, இது வெள்ளைப் பணியாரம்."

"நிக்குதுல்ல ஆச்சி?"

"நிக்குது. எங்கன நிக்கப் போறேன்னு எனக்குச் சொல்ல மாட்டேங்குது. அமுக்க அமுக்கப் பொதுபொதுன்னு போயிக்கிட்டே இருக்கு. மிதிச்சா, சீப்புச் சீடையக் கடிக்கிற மாதிரி இருக்கணும். மொதல்ல பல்ல எதுத்து நிக்கணும். அப்பறம் நீ எம்புட்டுக் கடிக்கிறியோ அம்புட்டுக் குடுக்கணும்."

லாரிக்காரன் எவனும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. நின்றால் பிரேக், நிற்காவிட்டால் இல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த சாஸ்திரம். ஆனால் அவர் சொன்னதைக் கேட்ட பிறகு நானும் செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்துப் பார்த்தேன். பட்டறைக்காரன் உள்ளங்கால் காய்த்துப் போனது; அதற்கே ஏதோ ஒரு நொளுநொளுப்புத் தெரிந்தது.

மிதி கோத்திருக்கும் ஆணியின் துளை தேய்ந்து அகன்றிருந்தது. கால் அமுக்கும் முதல் ஒரு நூல் அந்த ஓட்டையிலேயே வீணாகப் போகிறது. பித்தளையைக் கடைந்து, ஓட்டைக்குச் சுற்றுவளையம் செய்து, கையாலேயே தேய்த்துப் பொருத்தினேன். காகிதம் நுழையாது. எடுத்துக்கொண்டு போனேன்.

"இப்ப அதிரசம்" என்றார் ஆச்சி. "தேறிக்கிட்டு வாரே."

அடுத்தது காற்று. பிரேக் குழாயில் காற்றுக் குமிழ் இருந்தால் எண்ணெய்க்குப் பதில் காற்றுதான் அமுங்கும். மிதி பஞ்சாக இருக்கும். சக்கரத்தில் உள்ள சின்னத் திருகைத் திறந்து, மிதிக்க மிதிக்கக் குமிழை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். பட்டறைக்கே வந்துவிட்ட ஆச்சி, "நானே மிதிக்கிறேன்" என்று ஏறிவிட்டார். நான் கீழே படுத்து, குழாயின் முனையைக் கண்ணாடிப் புட்டிக்குள் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப ஒண்ணு போச்சு" என்றார் மேலேயிருந்து.

அவர் சொன்ன பிறகுதான் புட்டியில் குமிழ் வந்து உடைந்தது.

"இன்னொண்ணு போச்சு. சின்னது."

வந்தது. சின்னதுதான். கண்ணால் பார்க்கும் எனக்கு முந்தி காலால் பார்க்கும் அவருக்குத் தெரிகிறது! இதை இதுவரை நான் வெளியில் சொன்னதில்லை. கடைசியில் குமிழ் நின்று, எண்ணெய் சுத்தமாக வந்தது. திருகை மூடினேன்.

"முடிஞ்சுது ஆச்சி."

"இன்னும் ஒண்ணு இருக்கு."

"இல்ல ஆச்சி. புட்டி தெளிஞ்சு கெடக்கு."

"ஒன் புட்டிக்கு வரல. உள்ள எங்குட்டோ ஒக்காந்திருக்கு. நான் அமுக்குனா அதுவும் அமுங்குது, விட்டா அதுவும் எந்திரிக்குது. விருந்துக்கு வந்துட்டுப் போகாத சொந்தக்காரன் மாதிரி."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் குழாய் போகிற வழியெல்லாம் கையால் தடவிக்கொண்டே போனேன். பின்னச்சுக்கு மேலே குழாய் வளைந்து ஏறி இறங்கும் இடம் ஒன்று. காற்று எப்போதும் மேட்டைத்தானே தேடும்? வண்டியின் பின்பக்கத்தைக் கட்டைகள் மேல் ஏற்றி, அந்தப் பக்கத்துத் திருகைத் திறந்து மறுபடியும் மிதிக்கச் சொன்னேன். ஒரு மொச்சைக்கொட்டைப் பருமனில் குமிழ் வந்து புட்டிக்குள் படீரென்று உடைந்தது.

மேலேயிருந்து, "சொந்தக்காரன் கெளம்பிட்டான்" என்று சத்தம் வந்தது.

இப்போது மிதி உயரமாக, கெட்டியாக நின்றது. அத்தோடு விட்டிருக்கலாம். என் லாரிப் புத்தி விடவில்லை. பிரேக் என்றால் கடிக்க வேண்டாமா? பிரேக் கட்டைகளில் அழுத்தமான புது லைனிங் பட்டை ஒட்டி, மிதித்த மாத்திரத்தில் வண்டி ஆணியடித்தாற்போல் நிற்கும்படி செய்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு பிரேக் செய்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆச்சி ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார்.

"ஆசாரி, பின்னால மாப்பிள்ளை ஒக்காருற எடத்துல ஏறு."

ஏறினேன். பெருமையாகத்தான் இருந்தது. கண்டனூர் பெரிய தெருவில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து போனேன். வாசலில் நின்றவர்கள், "ஆசாரிக்கு ரெண்டாங் கல்யாணமா?" என்று கேட்டார்கள். ஊருணிப் பக்கம் சரிவு இறங்கும் இடத்தில் ஆச்சி லேசாக மிதித்தார். லேசாகத்தான்.

நான் அவர் தோளுக்கு மேலாகப் பறந்து, இடப்பக்கச் சீட்டில் தலைகீழாக விழுந்தேன். கால் இரண்டும் வானத்தைப் பார்த்தன.

"இது தேன்குழல்" என்றார் ஆச்சி, வண்டியை ஓரம் கட்டியபடி. "கடிச்சா ஒடனே ஒடஞ்சு போயிரும். நடுவுல ஒண்ணுமில்ல. எனக்கு அந்த நடுவுதான் வேணும் ஆசாரி."

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. நெற்றியில் புடைப்போடு பட்டறையில் உட்கார்ந்து யோசித்தேன். பிரேக் கட்டை ஏன் வெடுக்கென்று பிடிக்கிறது? சக்கரத்துக்குள் இருக்கும் டிரம் வட்டம். அதன் உட்பக்கத்தைத் தொடும் கட்டை வளைவு. இரண்டின் வளைவும் ஒத்துப்போகாவிட்டால் முனை மட்டும் தொடும். முனை தொட்டால் கவ்வும். இது மோட்டார் சமாச்சாரமே இல்லை. கதவும் நிலையும்! செட்டிநாட்டு நிலைக்கதவை என் அப்பா எப்படிப் பொருத்துவார்? நிலையில் காவியைப் பூசிக் கதவைச் சாத்துவார். திறந்தால், காவி ஒட்டிய இடம்தான் முட்டுகிற இடம். அதை மட்டும் ஒரு சீவு. மறுபடி காவி, மறுபடி சீவு. கடைசியில் கதவு முழுக்கச் சமமாகச் சிவந்து வரும். அப்புறம் அந்தக் கதவை ஒரு விரலால் சாத்தலாம். சாத்தியபின் யானை வந்தாலும் அசையாது.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் காவி கேட்டேன். "எந்த வீட்டுக் கதவுக்கு?" என்றார். "காருக்கு" என்றேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார்.

டிரம்முக்குள் காவி பூசி, கட்டையை வைத்துத் தேய்த்தேன். நினைத்தபடியே இரண்டு முனையும்தான் சிவந்தது; நடு வெளுத்துக் கிடந்தது. அரத்தை எடுத்தேன். நாலு சக்கரம், எட்டுக் கட்டை. ஏழு நாள். காவி, அரம், காவி, அரம். கட்டை முழுவதும் குங்குமம் அப்பினாற்போல் சமமாகச் சிவக்கும் வரை விடவில்லை. இந்தியாவிலேயே கதவு பொருத்துகிற மாதிரி பிரேக் பொருத்தியவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். வேறு யாராவது இருந்தால் வரட்டும், பேசிக்கொள்வோம்.

எட்டாம் நாள் ஆச்சி மிதித்தார். அமுக்கினார், விட்டார். தெருவில் ஒரு சுற்றுப் போய் வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எப்புடி ஆச்சி இருக்கு?"

"மாப்பிள்ளை எறங்குனப்பறம் சொல்றேன்" என்றார்.

ஊர்வலம் சாயங்காலம், வெயில் இருக்கும்போதே புறப்பட்டது. கண்டனூர்க் கோவில் வாசலிலிருந்து பெண் வீடு வரை மூன்று தெரு. மாப்பிள்ளை சரிகைத் தலைப்பாகையோடு பின்தகட்டில் உட்கார்ந்திருந்தான். முன்னால் நாதஸ்வரம், இரண்டு தவில். வண்டிக்குப் பக்கத்தில், முன்சக்கரத்தை ஒட்டியே கொழுந்தனார் நடந்து வந்தார். கண் தலைப்பாகை மேலேயே இருந்தது. பின்சக்கரத்தை ஒட்டி நான் நடந்தேன். கையில் ஒரு முட்டுக்கட்டை வைத்திருந்தேன். பயந்துபோய் அல்ல, பழக்கதோஷம்.

இரண்டு தெரு தாண்டியது. ஆயிரம் தடவை மிதித்திருப்பார். நத்தை மாதிரி போகும், நிற்கும், போகும். தலைப்பாகையில் ஒரு துரும்புகூட ஆடவில்லை. பிறகு ஊருணிச் சரிவு வந்தது.

தவில்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மாப்பிள்ளையைப் பார்த்துத் திரும்பி, பின்னோக்கி நடந்தபடியே வாசிக்க ஆரம்பித்தார். சரிவில் வண்டி தானாகவே கொஞ்சம் வேகம் கூட்டியது. அந்த நேரம் பார்த்து எவனோ ஒரு பட்டாசுச் சரத்தைக் கொளுத்திப் போட்டான். தவில்காரர் திடுக்கிட்டுக் கால் இடறி, தவிலோடு நடுத்தெருவில், வண்டிக்கு நேர் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

பெண்கள் கத்தினார்கள். நான் கட்டையை ஓங்கினேன். எங்கே போடுவது?

போட வேண்டியிருக்கவில்லை. வண்டி குனிந்து வணங்குகிற மாதிரி முன்னால் ஒரு தாழ்வு தாழ்ந்து, அப்படியே நின்றது. வெடுக்கென்று இல்லை, வழுக்கியும் இல்லை. அந்த நடு! தவிலுக்கும் வண்டிக்கும் இடையில் ஒரு சாண் இருந்தது. மாப்பிள்ளையின் மாலை முன்னால் ஒரு ஆட்டம் ஆடி, திரும்ப நெஞ்சில் வந்து படிந்தது. தலைப்பாகை வைத்தது வைத்தபடி இருந்தது. மாப்பிள்ளைக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை. பெண் வீட்டு மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தவில்காரர் தரையில் உட்கார்ந்தபடியே ஒரு முத்தாய்ப்பு வைத்துவிட்டு எழுந்தார். தெரு சிரித்து ஆர்ப்பரித்தது. படப்பைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இல்லை அது.

பெண் வீட்டு வாசலில் மாப்பிள்ளையை இறக்கினார்கள். கொழுந்தனார் வண்டியருகே நின்றார்.

"அண்ணமிண்டி, எப்புடி நிறுத்துனீக?"

"நான் எங்க நிறுத்துனேன்? நில்லுன்னு சொன்னேன், நிண்டுச்சு. நீகளே ஏறி மிதிச்சுப் பாருங்க."

ஆச்சி இறங்கி வழி விட்டார்; அவர் ஏறப் போனார். ஆச்சி கையைக் குறுக்கே நீட்டினார்.

"செருப்பு."

ஊர்க்கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது. பெரிய மனிதர்; கோவில் வாசல் தவிர வேறெங்கும் அவர் வெறுங்காலோடு நின்று நான் பார்த்ததில்லை. கூட்டத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு குனிந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடியாக வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். மிதித்தார். விட்டார். இன்னொரு தடவை மிதித்தார். அவர் முகம் மாறுவதை நான் பார்த்தேன்.

"மெட்ராசுக்காரருக்கு இல்லேன்னு எழுதிப் போட்டுர்றேன்" என்று சொல்லி இறங்கினார். இறங்கி, வெறுங்காலோடே பந்தலுக்குள் போய்விட்டார். செருப்பு வண்டியருகே கிடந்தது. அப்புறம் காவல்காரர் பெரியவர்தான் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார்.

நான் முட்டுக்கட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஆச்சியிடம் போனேன். இனி அந்த வார்த்தையை அவர் சொல்லித்தானே ஆக வேண்டும்?

"மாப்பிள்ளை எறங்கியாச்சு. இப்பச் சொல்லுங்க ஆச்சி. சீப்புச் சீடைதானே?"

ஆச்சி மறுபடி ஏறி உட்கார்ந்து, உள்ளே யாரோ பேசுவதைக் கேட்பவர் மாதிரி மிதியை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார்.

"சீடைதான்" என்றார். "ஆனா முன்னால எடது பக்கம் அரை நூல் முந்திப் புடிக்குது ஆசாரி. திங்கக்கெழம வண்டிய விடுறேன், பாத்துரு."

எனக்கும் அது தெரியும். சரிவில் வண்டி தாழ்ந்தபோதே கண்டுவிட்டேன். அவருக்குத் தெரிகிறதா என்று பார்க்கத்தான் சொல்லாமல் விட்டிருந்தேன்.